நாய்க்கும் ஒரு நெல் பஞ்சாங்கம்

சாம்பார் சாதத்திலிருந்து ஆரம்பிப்போம். மதியம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியின் அடியில் மிஞ்சியதைச் சோற்றோடு பிசைந்து கொல்லைப்புறத்தில் நாயின் தட்டில் கொட்டுவது தஞ்சாவூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடக்கிற காரியம். கும்பகோணத்து வீடானாலும் மன்னார்குடி வீடானாலும் அந்தச் சாம்பாரில் நாலைந்து சின்ன வெங்காயமாவது கிடக்கும். வெங்காயம், பூண்டு இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. வெந்தாலும் அந்தக் குணம் போகாது. ஒரே வேளையில் நாய் விழுந்துவிடாது. தினமும் சேரச் சேரச் சோகை பிடிக்கும், ஈறு வெளுக்கும். அப்படிப்பட்ட நாயைக் களத்துமேட்டுக்குக் கூட்டிப்போய் மூங்கில் கம்பைத் தாண்டச் சொன்னால் மூன்றாவது தாண்டலில் நின்று மூச்சு வாங்கும். "சோம்பேறி நாய்" என்ற பட்டம்தான் அதற்குக் கிடைக்கும்.

நாய்களுக்கான தடை தாண்டும் விளையாட்டான அஜிலிட்டியைச் செல்போனில் பார்க்காதவர்கள் இன்று குறைவு. குறுக்குக் கம்பிகளைத் தாண்டி, குழாய்க்குள் புகுந்து வெளியேறி, நட்டுவைத்த கம்புகளுக்கு இடையில் வளைந்து வளைந்து ஓடி, ஏற்றப் பலகையில் ஏறி இறங்கும் நாய்; பக்கத்திலேயே கைகாட்டியபடி ஓடும் மனிதர். 1978 பிப்ரவரியில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டம் கலையாமல் இருப்பதற்காகச் சேர்த்த ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாகத்தான் இந்த விளையாட்டு தொடங்கியது. குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து ஜான் வார்லி என்பவர் யோசனை சொல்ல, பீட்டர் மீன்வெல் தடைகளை வடிவமைத்தார். இடைவேளை நிகழ்ச்சி தனி விளையாட்டாகவே பிரபலமாகிவிட்டது. 1996 முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடக்கிறது.

இதற்கு வேண்டிய சாமான்களுக்கு டெல்டாவில் பஞ்சமில்லை. தோப்பு மூங்கில் இருக்கிறது, தச்சர் இருக்கிறார், அறுவடை முடிந்த வயல் இருக்கிறது. ஆனால் விளையாட்டைத் தாங்கும் உடம்பு நாய்க்கு வேண்டும். அந்த உடம்பை இந்த மண்ணில் உருவாக்குவதும் கெடுப்பதும் வெளிநாட்டுத் தீவன மூட்டையைவிட, மேட்டூர் அணைத் திறப்பும் வடகிழக்குப் பருவமழையும் சம்பா அறுவடையும்தான். காவிரிப் பாசனத்தில் நாய் வளர்ப்பவர் கையில் நெல் பஞ்சாங்கம் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

வேட்டை போன பிறகு

எந்த நாய் இதற்கு உகந்தது என்பது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. உலகப் போட்டிகளில் பார்டர் கோலி என்ற ஆடு மேய்க்கும் இனத்தின் ராஜ்ஜியம்தான். மேய்ப்பரின் விசிலுக்கும் கையசைவுக்கும் காதையும் கண்ணையும் கொடுத்தே பழகிய வம்சம் அது. ஆனால் அந்த ரோமக் கட்டைத் தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில் ஓடவிடுவது எவ்வளவு நியாயம் என்று வாங்குகிறவர் யோசிக்க வேண்டும். சைபீரியன் ஹஸ்கியை ஏ.சி. அறையில் வைத்து வளர்ப்பவர்களோடு சண்டை போட இங்கே இடமில்லை. அந்த நாய்களுக்கு இங்கே ஓட்டமும் இல்லை என்பதோடு விட்டுவிடுவோம்.

நம்முடைய சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டத்துக் கரிசல், செம்மண் காடுகளில் முயலைத் துரத்தப் பழக்கப்பட்டவை. ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, மெல்லிய தோல், குட்டை ரோமம் என்று வெயிலுக்கென்றே செய்த உடம்பு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். வேட்டை போனது, வேட்டைக்கான கால்கள் மட்டும் மிச்சம். அந்தக் கால்களுக்குச் சட்டப்படியான ஒரு வேலை கொடுக்க முடியும் என்பதே என்னைப் பொறுத்தவரை அஜிலிட்டிக்கு இங்கே உள்ள பெரிய நியாயம். மே மாதத்து ஊட்டி நாய்க் கண்காட்சியில் அழகாக நின்று காட்டுவதைவிட, இந்த இனங்கள் ஓடிக் காட்டுவதுதான் அவற்றுக்கு மரியாதை.

சிக்கலும் உண்டு. பார்வையால் துரத்தும் நாய் நேர்கோட்டில் பறக்கும், திருப்பத்தில் திணறும். ஆளைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் அதற்குக் குறைவு, சொன்ன பேச்சைக் கேட்பதற்கு முன் ஒரு நொடி யோசிக்கும். பார்டர் கோலி வாரத்தில் கற்பதைச் சிப்பிப்பாறை மாதக்கணக்கில் கற்கலாம். பொறுமை இல்லாதவர் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். நடுத்தர உடம்பும் சட்டென்று திரும்பும் இடுப்பும் அதற்குப் பிறவிச் சொத்து. ராஜபாளையம் நாய்களில் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தனமும் சில குட்டிகளுக்கு வந்துவிடுகிறது. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. இந்த விளையாட்டே பாதி கைச்சைகையில் நடப்பது.

நாட்டு இனங்களால் ஆகாது என்ற பேச்சுக்கு ரியா என்ற நாய் பதில் சொல்லிவிட்டது. எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த இந்த முதோல் நாய், 2024-ல் லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல்துறைப் பணித்திறன் போட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு இன நாய்களைத் தாண்டி, தடம் பிடிக்கும் பிரிவிலும் ஒட்டுமொத்தப் போட்டியிலும் சிறந்த நாய் என்ற பெயரை வாங்கியது. கர்நாடகத்து முதோல், நம் சிப்பிப்பாறைக்குப் பங்காளி முறைதான்.

விலா எலும்பு சொல்லும் கணக்கு

ஓடும் நாயின் முதல் எதிரி கொழுப்பு. 24 ஜோடி லாப்ரடார் குட்டிகளை எடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்குக் கூடப் பிறந்ததைவிட 25 சதவீதம் குறைவாகத் தீவனம் கொடுத்து, ஆயுள் முழுக்க ஒரு நிறுவனம் கவனித்தது. 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் ஒல்லி நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. ஆய்வை நடத்திய பியூரினா, நாய்த் தீவனம் விற்கும் நிறுவனம் என்பது இதில் ஒரு வேடிக்கை.

எடை பார்க்கத் தராசு வேண்டாம். நாயின் விலாப்பக்கம் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவுங்கள். நம் கையை மடக்காமல் நீட்டி, புறங்கை எலும்புகளைத் தடவினால் எப்படி இருக்கிறதோ அப்படி விலா தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடினால்தான் தெரிகிறது என்றால் நாய் குண்டு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்றவற்றுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா கண்ணுக்கே தெரிவது இயல்பு, "நாய்க்குச் சோறே போடுறது இல்லையா?" என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரருக்காகச் சோற்றைக் கூட்டிவிடக் கூடாது.

சோறு கெடுதல் என்று சொல்லவரவில்லை. நன்றாகக் குழைய வெந்த அரிசியை நாய் செரித்துக்கொள்ளும். ஆனால் அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான். வளர்ந்த நாயின் உணவில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், குறைந்தது 18 பங்காவது புரதம் வேண்டும். வெறும் தயிர்ச் சாதத்தில் வளரும் நாய்க்கு வயிறு நிறையும், தசை ஏறாது. முட்டை, கோழி, முள் நீக்கி வேகவைத்த ஆற்று மீன் என்று ஏதாவது ஒன்று தட்டில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். கருவாடு வேண்டாம், உப்பு. வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம். ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். இறைச்சியை மட்டும் வேகவைத்துப் போடுபவர்கள் கால்சியம் குறைந்துபோவதை மறந்துவிடுகிறார்கள். ஓடும் குட்டியின் கால் வளைவதற்கு அது ஒரு காரணம். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்; கூடினாலும் கெடுதல்.

சாப்பிட்டவுடன் ஓட்டம் கூடாது. ஆழமான மார்புள்ள இனங்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் அது சோடா கொடுத்துப் பார்க்கிற நேரமில்லை. ஓரிரு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை மேசையில் இருக்க வேண்டும்.

சித்திரை: வெயிலும் வெற்று ஆறும்

மாசியிலிருந்து ஆனி வரை காவிரியும் வெண்ணாறும் பல இடங்களில் மணல்தான். நாயை ஓடவிட இதைவிட நல்ல இடம் உண்டா என்று தோன்றும். காலை ஆறரை மணிக்குள் என்றால் சரி. ஆனால் புதைகிற மணலில் நாள்தோறும் நீண்ட ஓட்டம் ஓடினால் முன்னங்கால் தசைநார்களுக்கு ஆகாது. கரையோரம் இறுகிக் கிடக்கும் மணலில் ஓடவிடுங்கள். புதைமணலில் பத்து நிமிட நடை போதும். கரையேறும்போது சீமைக்கருவேல முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதத்துக்குள் ஒடிந்த முள் வாரக்கணக்கில் சீழ் வைக்கும்.

நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் பேருக்கு. சூட்டை அது இறக்குவது நாக்கைத் தொங்கவிட்டு நிமிடத்துக்கு 200, 300 முறை இளைப்பதால்தான். நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகும். காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாவது நின்றுபோகும். அதனால்தான் தண்ணீர் நிற்கும் டெல்டாவில், தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டுகிற புழுக்க நாளிலும் நாய் சுருண்டுவிடுகிறது. வெயில் மறைந்த ஆவணி மாலைப் புழுக்கம் சித்திரை உச்சிவெயிலுக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல.

நாயின் இயல்பான உடல் சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐத் தொட்டால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். நாக்கு நீண்டு அகன்று அடர் சிவப்பாகி, எச்சில் பிசுபிசுத்து, நடை தள்ளாடினால் பயிற்சி அத்தோடு சரி. முதலில் தண்ணீரை ஊற்றி நனைத்து, விசிறி போட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றுங்கள். வழியெல்லாம் சூட்டோடு போவதுதான் நாயைக் கொல்வது. ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆற்றில் தண்ணீர் வந்த பின்

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை; அது பிந்தினால் எல்லாமே பிந்தும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நீச்சல் என்ற அருமையான பயிற்சி கைக்கு வந்துவிடும். மூட்டில் பாரமே விழாமல் தசை ஏறும். தோள் சுளுக்கிய நாய் தேறுவதற்கும் இது நல்லது. ஆனால் கிளை வாய்க்கால் வேறு, கல்லணைக் கால்வாய் வேறு. 1934-ல் திறந்த அந்தப் புது ஆற்றில் கான்கிரீட் சரிவு போட்ட கரைகளில் நகத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. இறங்கிய நாய் ஏற முடியாமல் இழுவையில் போய்விடும். மதகுப் பக்கமும் தலைகாட்டக் கூடாது. மண் கரை, முழங்கால் ஆழம், கயிறு என்ற மூன்றும் இருந்தால் இறக்கலாம்.

சம்பா: எலியும் எலியின் எதிரிகளும்

இந்தப் பஞ்சாங்கத்தில் கெட்ட மாதங்கள் புரட்டாசியிலிருந்து மார்கழி வரை. சம்பாப் பயிர் பொதி கட்டும்போது எலி வரும். எலி வந்தால் அதைத் தொடர்ந்து மூன்று ஆபத்துகள் நாய்க்கு வரும்.

ஒன்று, கிட்டி. தஞ்சாவூர்க் கிட்டி என்று ஊர்ப் பெயராலேயே அறியப்படும் மூங்கில் வில் பொறி, சாயங்காலம் வயலில் வைத்து விடியலில் எடுப்பது. வில்லாக வளைத்த மூங்கில், இழுத்துக் கட்டிய கயிறு, நடுவில் இரை. எலி வாய் வைத்த நொடியில் கயிறு கழுத்தை இறுக்கும். நாயின் விரலோ மூக்கோ மாட்டினாலும் அதே கதைதான். வரப்பில் நாயோடு போகிறவர்களைப் பார்த்தால் கிட்டி வைக்கிறவர்களே சத்தம் கொடுத்துவிடுவார்கள். "தம்பி, நாய இழுத்துப் புடிங்க, இந்தத் தாக்குல கிட்டி வச்சிருக்கேன்" என்று பனி மூட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தால், "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவதே உத்தமம்.

இரண்டு, மருந்து. துத்தநாக பாஸ்பைடு கலந்த பொரி உருண்டையை நாய் தின்றால் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பால், முட்டை, சோறு என்று எதையாவது ஊட்டினால் அமிலம் அதிகமாகச் சுரந்து வாயுவும் அதிகமாகும். வீட்டு வைத்தியமே வினையாகும் இடம் இது. நாய் வாந்தி எடுக்கும்போது அறைக் கதவு சன்னல்களைத் திறந்துவிடுங்கள், அந்த வாயு மனிதருக்கும் ஆகாது. புரோமடியோலோன் கட்டி இன்னொரு ரகம். தின்ற அன்று நாய் குதித்துக்கொண்டிருக்கும். ரத்தம் உறையும் சக்தி போய், மூன்று நான்கு நாள் கழித்துத்தான் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். மருந்து உண்டு, வைட்டமின் கே1. வாரக்கணக்கில் தொடர வேண்டும். எந்த மருந்து வைத்தார்கள் என்று வயல்காரரிடம் கேட்டு, முடிந்தால் அதன் உறையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் பெரியது, எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரத்தில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி தேங்கிய நீரிலும் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். பாதத்தில் சிறு கீறல் போதும், வயல் தண்ணீரை நாலு வாய் நக்கினால் போதும். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள், மூத்திரம் குறைதல் என்று இறங்கி, சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும். பிழைத்த நாய்க்கும் பழைய ஓட்டம் திரும்ப நாளாகும். அந்த நாயின் மூத்திரம் வழியாக வீட்டு மனிதருக்கும் வரும் என்பதால் கழுவிவிடுகிறவர் கையுறை போட வேண்டும். கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இதற்கான பாகம் உண்டு. அதன் காவல் ஓராண்டுதான். ஆகவே ஆடி முடிவதற்குள், மழைக்கு முன், ஆண்டுதோறும் போட்டுவிட வேண்டும். வெறிநோய் ஊசி தனி, அதிலும் சமரசம் கூடாது.

உண்ணிக்கு மாதக் கணக்கே இல்லை. மாட்டுக்கொட்டகைச் சுவர் இடுக்கில் முட்டையிட்டு, நாயின் காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் குடியேறும் பழுப்பு உண்ணி, எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு நோய்களைக் கொண்டுவருகிறது. நன்றாகத் தாண்டிய நாய் இரண்டு வாரமாக மந்தமாக இருந்தால், மூக்கில் ரத்தம் எட்டிப்பார்த்தால், பயிற்சியைக் குறை சொல்லாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தட்டணு எண்ணிக்கை விஷயத்தைச் சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் நாம் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. சரபோஜி மன்னர் மனிதருக்கும் விலங்குக்கும் சேர்த்தே தன்வந்திரி மகாலில் மருந்து செய்யவைத்த ஊர் இது. அவர் தம் காதலி முக்தாம்பாள் நினைவாகச் சத்திரம் கட்டிய ஒரத்தநாட்டில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் தோல் புண்ணுக்கு உதவலாம். எலிக்காய்ச்சலுக்கு அவற்றை நம்பி மூன்று நாளைக் கடத்தினால் நாய் மிஞ்சாது.

தை பிறந்தால்

அறுவடை முடிந்து, ஈரம் வற்றி, தரை மிதமாக இறுகியிருக்கும் தை, மாசி மாதங்கள்தான் டெல்டாவின் அஜிலிட்டிப் பருவம். காலைப் பனியில் சூடு ஏறாது. ஒரே தொல்லை அரிதாள். கையால் அறுத்தபோது தரையோடு போன தாளை இப்போது அறுவடை மிஷின் ஒரு சாண் விட்டு, சாய்வாக வெட்டிவிட்டுப் போகிறது. அதன் மேல் நாய் இறங்கினால் விரலிடுக்கு கிழியும். களத்துமேடோ, தாளை மடக்கி உழுது பரம்படித்த திடலோ பார்த்துத்தான் கம்பு நட வேண்டும். உளுந்து, பயறு விதைத்த தாக்கில் மருந்து அடித்திருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பயிற்சியில் அவசரம்தான் நாயை முடமாக்குவது. சர்வதேசப் போட்டிகளில் 18 மாதம் நிரம்பாத நாயை அனுமதிப்பதில்லை. காரணம் எளிது: அதுவரை கால் எலும்பின் நுனிகளில் வளர்ச்சிக் குருத்து மூடி முடிந்திருக்காது; மோதினால் கால் கோணும். ஆறு மாதக் குட்டிக்குத் தரையில் கிடத்திய கம்பைத் தாண்டுவதே தாண்டல். பெரிய நாய்களுக்கான கம்பி உயரம் போட்டிகளில் 55-லிருந்து 60 செ.மீ. வரை, பயிற்சியில் பெரும்பாலான நாள்களில் அதில் பாதி போதும். கம்பைக் கயிறு போட்டுக் கட்டிவிடாதீர்கள். கால் பட்டால் அது விழ வேண்டும், இல்லையென்றால் நாய் விழும். வளைந்து ஓட 12 கம்புகளை 60 செ.மீ. இடைவெளியில் நடுவது போட்டி வழக்கம், ஆறோடு ஆரம்பிக்கலாம்.

சும்மா நிற்கும்போதே நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான். தாண்டி இறங்கும்போது அது பல மடங்காகும். இந்த விளையாட்டின் காயங்களை ஆராய்ந்தவர்கள் தோள்பட்டையை முன்னால் வைப்பது அதனால்தான். எனவே களத்தில் இறக்கிய உடனே தாண்டவிடாமல், பத்து நிமிடம் கயிற்றில் நடை, பிறகு மெது ஓட்டம், இரண்டு பக்கமும் எட்டுப் போடுவது, அதற்கப்புறம் தாழ்ந்த கம்பு என்று போக வேண்டும். முடித்த பிறகும் அதே நடை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தாண்டல், மற்ற நாள்களில் வரப்பு நடை. குறுகிய வரப்பில் மெதுவாக நடப்பது லேசான காரியமல்ல. நான்கு காலையும் யோசித்து வைக்கப் பழக்கும் சமநிலைப் பயிற்சி அது. ஏற்றப் பலகைக்கு அதைவிட நல்ல முன்னோட்டம் கிடையாது. நகத்தை வெட்டி வையுங்கள். புதுவீட்டு டைல்ஸ் தரையில் நாயைத் துரத்தி விளையாடாதீர்கள். வழுக்கி வழுக்கியே இடுப்பு மூட்டு கெடும்.

நேற்று வரை சுத்தமாகத் தாண்டிய நாய் இன்று கம்பைத் தட்டினால், கம்புக்கு முன்னால் நின்று சுற்றிப்போனால், திமிர் என்று அதட்டாதீர்கள். எங்கோ வலிக்கிறது. தோளை, மணிக்கட்டை, முதுகை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் திரும்பி உங்கள் கையைப் பார்க்கிறதோ அங்கேதான் வலி. இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் நொண்டினால் எக்ஸ்ரே. எட்டு வயதைத் தாண்டிய நாய்க்குத் தாண்டலை நிறுத்தி, குழாயும் வளைவுக் கம்பும் வாய்க்கால் நீச்சலும் தொடரலாம். வயதாகிவிட்டதென்று திண்ணையோரம் கட்டிப்போட்டால் தசை கரைந்து, தேய்ந்த மூட்டு தனியாகப் பாரம் சுமக்க வேண்டிவரும்.